ராணிகள் இருவரும் சந்திக்கவே இல்லை: அரச குடும்பப் படங்களில் வரலாறு எது, கற்பனை எது?

துணி வெளுக்கும் கொட்டகை ஒன்று. உத்தரத்திலிருந்து வெள்ளைத் துணிகள் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றின் நடுவே இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் தேடி நடக்கிறார்கள். ஒருவர் இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத். மற்றவர் நாட்டை இழந்து, உதவி கேட்டு வந்திருக்கும் ஸ்காட்லாந்து ராணி மேரி. முதலில் குரல் மட்டும் கேட்கிறது. துணிகள் ஒவ்வொன்றாக விலகி, கடைசியில் இருவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். 2018இல் வந்த 'மேரி குயின் ஆஃப் ஸ்காட்ஸ்' படத்தில் எல்லாம் இந்தக் காட்சியை நோக்கித்தான் நகர்கிறது. முதல்முறை பார்த்தபோது நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்படி ஒரு சந்திப்பு நடக்கவே இல்லை. 1562இல் இருவரும் சந்திப்பதற்கு ஏற்பாடுகள் நடந்தன. பிரான்ஸில் மதப்போர் வெடித்ததால் அது கைவிடப்பட்டது. 1568இல் மேரி எல்லை தாண்டி இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார். அதன்பிறகு சுமார் 19 ஆண்டுகள் காவலிலேயே கழிந்தன. 1587 பிப்ரவரி 8 அன்று ஃபாதரிங்கே கோட்டையில் அவர் தலை வெட்டப்பட்டது. இத்தனை ஆண்டுகளிலும் இருவருக்கும் நடுவே கடிதங்கள் போய்வந்தன, தூதர்கள் போய்வந்தார்கள். நேரில் மட்டும் ஒருமுறைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை.

இந்தக் கற்பனையைச் சினிமாதான் தொடங்கிவைத்தது என்றும் சொல்ல முடியாது. ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லர் 1800இலேயே மேரியைப் பற்றிய தன் நாடகத்தில் இருவரையும் சந்திக்க வைத்துவிட்டார். 1971இல் வந்த படமும் சந்திக்க வைத்தது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கதை சொல்பவர்களால் இந்த இருவரையும் பிரித்தே வைத்திருக்க முடியவில்லை.

சரி, அப்படியென்றால் அந்தப் படம் பொய்யா? இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. 'வரலாற்றுத் துல்லியம்' என்று நாம் சொல்வது ஒரே ஒரு விஷயம் இல்லை என்பதுதான் காரணம். ஒரு படம் ஓர் இடத்தில் நுணுக்கமாகச் சரியாக இருக்கும், அடுத்த நிமிடமே தவறிவிடும். இதே படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொலைக்களத்தில் மேரியின் கறுப்பு மேலாடையைக் களைந்ததும் உள்ளே செந்நிற ஆடை தெரிகிறது. இது உண்மை. நேரில் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கர்களுக்கு அது மதத்துக்காக உயிர் துறப்பவர்களின் நிறம். ஆனால் மேரி படம் முழுக்க ஸ்காட்டிஷ் உச்சரிப்பில் பேசுகிறார். நிஜ மேரி ஐந்து வயதில் பிரான்ஸுக்குப் போய் பதினெட்டு வயதுவரை அங்கேயே வளர்ந்தவர். பிரெஞ்சுதான் அவருக்குக் கைவந்த மொழி.

ஆக, உடுப்பு ஓர் அடுக்கு, இடம் இன்னோர் அடுக்கு. யார், எப்போது, எங்கே, என்ன செய்தார் என்பது மூன்றாவது. என்ன பேசினார், ஏன் செய்தார், மனசுக்குள் என்ன ஓடியது என்பதெல்லாம் அதற்கும் கீழே. கீழே போகப் போக ஆதாரம் குறையும். படத்துக்கு வேண்டியதோ அந்தக் கீழ் அடுக்குதான்.

அரச குடும்பப் படங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். சாதாரண மனிதர்களைவிட அரசர்களைப் பற்றிப் பல மடங்கு ஆவணங்கள் உண்டு. அரண்மனைக் கணக்கு, ஆடை வாங்கிய செலவு, வெளிநாட்டுத் தூதர் தன் நாட்டுக்கு எழுதிய கடிதம், கல்வெட்டு, நாணயம், ஓவியம் என்று குவிந்து கிடக்கும். அத்தனையும் பெரும்பாலும் வெளிவாசலோடு நின்றுவிடும். கதவைச் சாத்திய பிறகு கணவனும் மனைவியும் என்ன பேசினார்கள் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதுவதில்லை. அப்படியே எழுதியிருந்தாலும் குடும்பமே அழித்துவிடுவது உண்டு. விக்டோரியா மகாராணி பதின்மூன்று வயதிலிருந்து சாகும்வரை நாட்குறிப்பு எழுதியவர். அவர் இறந்த பிறகு மகள் பியாட்ரிஸ் அதில் வேண்டியதை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை நெருப்பில் போட்டார். விக்டோரியாவைப் பற்றி யார் படம் எடுத்தாலும் அந்தச் சாம்பல் வரைக்கும்தான் போக முடியும்.

இங்கேதான் முக்கியமான வேறுபாடு ஒன்று வருகிறது. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரம் பேசாத இடத்தில் கற்பனை செய்வது ஒன்று. ஆதாரம் தெளிவாகப் பேசும் இடத்தில் அதை மீறிக் கற்பனை செய்வது வேறொன்று.

முதல் வகைக்கு உடையார்குடிக் கல்வெட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது அது. ராஜராஜ சோழனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. 'பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள்' என்று அது சிலரைக் குறிப்பிடுகிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்கள் வருகின்றன. அவர்களுடைய உறவினர்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்வதைப் பற்றிய ஆணை அது. கொலையை விவரிக்க வந்த கல்வெட்டு இல்லை. நிலம் யார் கைக்குப் போகிறது என்று பதிவு செய்ய வந்த கல்வெட்டில், போகிற போக்கில் கொலையாளிகளின் பெயர் வந்துவிட்டது.

இப்போது யோசித்துப் பாருங்கள். கொல்லப்பட்டவன் ஆதித்த கரிகாலன், பட்டத்து இளவரசன். கொன்றவர்கள் யார் என்பதற்குப் பெயர் இருக்கிறது. ஏன் கொன்றார்கள்? எந்த இடத்தில், எந்த வேளையில்? பின்னால் இருந்து தூண்டியவர் யாராவது உண்டா? கல் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குள் புகுந்துதான் கல்கி 1950இலிருந்து 1954வரை 'பொன்னியின் செல்வன்' எழுதினார். நந்தினி என்ற பாத்திரத்தைப் படைத்து, பழி, காதல், சதி என்று ஓர் உலகத்தையே அதற்குள் கட்டினார். 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாக வந்த படம் அந்த நாவலின் திரைவடிவம். ஆகவே அந்தப் படத்தில் நந்தினி வரலாற்றில் உண்டா என்று கேட்டால், இல்லை. அவள் வருவதால் கல்வெட்டு பொய்யாகிவிடுகிறதா என்று கேட்டால், அதுவும் இல்லை. ரவிதாசன் என்ற பெயர் கல்லிலும் இருக்கிறது, கதையிலும் இருக்கிறது. கல் நிறுத்திய இடத்தில்தான் கதை தொடங்குகிறது. படம் பார்த்து வந்தவர்களில் பலர் நந்தினியையும் வரலாறாகவே எண்ணிக்கொள்கிறார்கள் என்பது உண்மைதான். அதற்காக நாவலாசிரியரைக் குற்றம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இரண்டாம் வகைக்கு 1995இல் வந்த 'பிரேவ்ஹார்ட்'. ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸுக்கும் பிரெஞ்சு இளவரசி இசபெல்லாவுக்கும் அதில் காதல் மலர்கிறது. இளவரசி வாலஸின் குழந்தையைச் சுமப்பதாகவும் காட்டுகிறார்கள். வாலஸ் லண்டனில் கொல்லப்பட்டது 1305 ஆகஸ்ட் மாதம். அப்போது இசபெல்லாவுக்கு வயது ஏறத்தாழ பத்து, இருந்தது பிரான்ஸில். கல்யாணம் ஆகி இங்கிலாந்துக்கு வந்ததே 1308இல். மகன் மூன்றாம் எட்வர்ட் பிறந்தது 1312இல், அதாவது வாலஸ் இறந்து ஏழு வருஷம் கழித்து. இந்தத் தேதிகளில் எந்த மௌனமும் இல்லை. எல்லாமே தெரிந்த விஷயம். தெரிந்தே தள்ளிவிட்டார்கள். ஸ்டர்லிங் பாலப் போர் என்று வரலாற்றில் பெயர் வாங்கிய போரில் பாலத்தையே காணோம். 1297இல் வாலஸின் படை ஜெயித்ததற்குக் காரணமே அந்தக் குறுகலான பாலம்தான். ஆங்கிலேயப் படை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அதைக் கடக்க முடிந்தது, கடந்தவர்களை ஸ்காட்லாந்துக்காரர்கள் மடக்கிவிட்டார்கள். பாலத்தை எடுத்துவிட்டால் அந்த வீரர்களின் புத்திசாலித்தனமும் கூடவே போய்விடுகிறது. எனக்கு இளவரசிக் காதலைவிட இந்த இழப்புதான் பெரிதாகத் தெரிகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு பழக்கம் உண்டு. காலத்தைச் சுருக்குவது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் திக்குவாயைப் பற்றிய 'தி கிங்ஸ் ஸ்பீச்' 2010இல் வந்தது. பேச்சுப் பயிற்சியாளர் லயனல் லோகிடம் அவர் 1930களில் போய்ச் சேர்ந்தது போலப் படத்தில் தோன்றும். உண்மையில் 1926லேயே பயிற்சி தொடங்கிவிட்டது. அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்து நன்றாகப் பேசியும் விட்டார். பத்துப் பன்னிரண்டு வருஷ உழைப்பை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும் என்றால் இப்படிச் செய்துதான் ஆக வேண்டும். இது பெரும்பாலும் மன்னிக்கக்கூடியது. ஆனால் அதே படத்தில் சர்ச்சில் ஆரம்பத்திலிருந்தே ஜார்ஜின் பக்கம் நிற்பது போலக் காட்டியிருப்பதை அப்படி விட முடியாது. 1936இல் ஜார்ஜின் அண்ணன் எட்டாம் எட்வர்டு முடி துறக்கும் நெருக்கடியின்போது சர்ச்சில் எட்வர்டுக்காகப் பேச எழுந்து, நாடாளுமன்றத்தில் கூச்சலால் அடக்கப்பட்டார். நாள்களைச் சுருக்குவது வேறு, ஒருவரை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றி நிறுத்துவது வேறு.

இந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. படப்பிடிப்பு தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது லோகின் நாட்குறிப்புகள் கிடைத்தன. பேசி முடித்த ராஜாவிடம் 'டபிள்யூ எழுத்தில் இன்னும் திக்கினீர்கள்' என்று பயிற்சியாளர் சொல்ல, 'நான்தான் பேசுகிறேன் என்று தெரிய வேண்டாமா, அதற்காகச் சிலவற்றை வேண்டுமென்றே போட்டேன்' என்கிறார் ராஜா. வசனகர்த்தா சிரிப்புக்காக எழுதியது போலவே இருக்கும். அது நாட்குறிப்பிலிருந்து வந்தது. ஆகவே நம்ப முடியாமல் இருப்பதெல்லாம் கற்பனை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது.

சரி, மௌனத்தை நிரப்பியது, ஆதாரத்தை மீறியது என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் போதுமா? போதாது. கற்பனை யார் தலையில் என்ன சுமையை ஏற்றுகிறது என்றும் பார்க்க வேண்டும். இரண்டு உதாரணங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் புரியும்.

2018இல் வந்த 'தி ஃபேவரிட்' படத்தில் இங்கிலாந்தின் ஆன் ராணியின் படுக்கையறையில் பதினேழு முயல்கள் வளர்கின்றன. தான் இழந்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு முயல். ஆன் ராணி இப்படி முயல் வளர்த்ததற்கு எந்தச் சான்றும் இல்லை, சுத்தக் கற்பனை. ஆனால் அந்தப் பதினேழு கற்பனை இல்லை. ஆன் பதினேழு முறை கருவுற்றார். பல கலைந்தன, பல இறந்தே பிறந்தன. இரண்டு பெண் குழந்தைகள் 1687 பிப்ரவரியில் சில நாள் இடைவெளியில் பெரியம்மையில் போயின. வில்லியம் என்ற பையன் மட்டும் பதினோரு வயதுவரை இருந்து 1700இல் இறந்தான். அரச வம்சப் பட்டியலில் இவையெல்லாம் சின்ன எழுத்தில் ஒரு வரியாக முடிந்துவிடும். முயல்களின் கூண்டைத் திறந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுக்கும் அந்தத் தாயைப் பார்த்த பிறகு அந்த வரியை யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். பொய்யான முயல்கள் ஓர் உண்மையான துக்கத்தைத்தான் கைகாட்டுகின்றன. (இந்தப் படத்திலும் ஆதாரத்தை மீறிய இடம் உண்டு. 1708வரை உயிரோடு இருந்து, அவர் பக்கத்திலேயே வாழ்ந்த கணவர் ஜார்ஜைப் படத்தில் காணவே இல்லை.)

இப்போது மற்றொன்று. 1937 நவம்பர் 16. பின்னாளில் இரண்டாம் எலிசபெத் ராணியின் கணவரான, எடின்பரோ கோமகன் பிலிப்பின் அக்கா செசிலி, கணவர், இரண்டு மகன்கள், மாமியார் ஆகியோர் லண்டனில் நடக்கவிருந்த கொழுந்தனாரின் கல்யாணத்துக்காக விமானத்தில் புறப்பட்டார்கள். செசிலி நிறைமாதக் கர்ப்பிணி. பெல்ஜியத்தில் ஆஸ்டெண்ட் நகருக்கு அருகே மூடுபனியில் விமானம் ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கியில் மோதி விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. அப்போது பிலிப்புக்குப் பதினாறு வயது, ஸ்காட்லாந்தில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். டார்ம்ஸ்டாட்டில் நடந்த இறுதி ஊர்வலத்தில் அவர் நடந்து போகும் புகைப்படம் இருக்கிறது.

'தி கிரவுன்' தொடரின் இரண்டாம் பருவம் இதைக் காட்டுகிறது. அதில் செசிலிக்கு அந்தக் கல்யாணத்துக்குப் போகும் எண்ணமே இல்லை. பிலிப் பள்ளியில் ஒரு பையனை அடித்துவிடுகிறார், தண்டனையாக விடுமுறை ரத்தாகிறது. தம்பி வர முடியாது என்று ஆனதும் அக்கா கல்யாணத்துக்குக் கிளம்புகிறார், விமானம் விழுகிறது. இறுதிச் சடங்கில் தந்தையே மகனைப் பார்த்து, உன்னால்தான் இவள் செத்தாள் என்கிறார்.

இப்படி எதுவும் நடக்கவில்லை. அவர்கள் போனது கல்யாணத்துக்கு, அது முன்பே முடிவானது. பிலிப்பின் பள்ளி விடுமுறைக்கும் அந்தப் பயணத்துக்கும் சம்பந்தம் இல்லை. அத்தியாயம் நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது, நடிப்பும் உருக்கமாக இருக்கிறது. அதனால்தான் எனக்கு இது இன்னும் கனமாகத் தெரிகிறது. அக்காவைப் பறிகொடுத்த பதினாறு வயதுப் பையன் தலையில், இல்லாத ஒரு கொலைப்பழியை ஏற்றிவிட்டார்கள். அத்தியாயம் வெளியான 2017இல் அந்தப் பையன் தொண்ணூற்றாறு வயதுக் கிழவராக உயிரோடு இருந்தார்.

முயலையும் இந்தப் பழியையும் ஒரே தராசில் வைத்து இரண்டுமே கற்பனைதானே என்று சொன்னால் என் மனசு ஒப்பாது. உயிரோடு இருப்பவர்களின் வலி விஷயத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு 'தி கிங்ஸ் ஸ்பீச்' எழுதிய டேவிட் சைட்லரைச் சொல்லலாம். ஆறாம் ஜார்ஜின் மனைவிக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்டார். அந்த நினைவுகள் இன்னும் வலிக்கின்றன, நான் உயிரோடு இருக்கும்வரை வேண்டாம் என்று பதில் வந்தது. அவர் 2002இல் நூற்றொரு வயதில் இறக்கும்வரை சைட்லர் காத்திருந்தார்.

உடை, நகை, அரண்மனை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஓவியங்கள் இருக்கின்றன, அருங்காட்சியகத்தில் மிச்சமிருக்கும் ஆடைகள் இருக்கின்றன. கவனமான குழு சரியாகச் செய்துவிடும். பெரும்பாலும் தவறுவது தலைமுடியும் முகப்பூச்சும்தான். படம் எந்தப் பத்தாண்டில் எடுக்கப்பட்டதோ அந்தப் பத்தாண்டின் அழகுதான் ராணியின் முகத்தில் இருக்கும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. உடை அச்சு அசலாக இருந்தால், சம்பவமும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று மனசு தானாக நம்பிவிடுகிறது. இதற்கு நேர்மாறான உதாரணம், பிரான்ஸ் ராணியைப் பற்றி 2006இல் வந்த 'மரீ அந்துவனெத்'. ராணியின் காலணிக் குவியலுக்கு நடுவே இந்தக் காலத்துக் கான்வாஸ் ஷூ ஒன்றை வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். பலர் அதைப் பெரிய பிழை என்று பேசினார்கள். ஆனால் 'ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்' என்று அவர் சொன்னதாக உலகமே நம்பும் வாக்கியத்தை, நான் அப்படிச் சொல்லவே மாட்டேன் என்று மறுக்க வைத்ததும் அதே படம்தான். வரலாற்றின்படி அதுதான் சரி. எழுத்தாளர் ரூசோ தன் சுயசரிதையில் பெயர் சொல்லாத ஓர் இளவரசியின் பேச்சாக அதை எழுதியபோது, மரீ அந்துவனெத் வியன்னாவில் பத்து வயதுச் சிறுமியாக இருந்தார்.

வசனத்தைப் பொறுத்தவரை, அரச குடும்பப் படங்களில் வரும் வசனம் அநேகமாக முழுக்க எழுத்தாளருடையது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் ஜாக்சன் காட்சி நம்மில் பலருக்கு மனப்பாடம். கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் 1798இல் ராமநாதபுரத்தில் சந்தித்ததும், அது கைகலப்பில் முடிந்து லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டதும், பின்பு ஜாக்சன் பதவி இழந்ததும் வரலாறு. நாம் மனப்பாடம் செய்த வார்த்தைகளோ வசனகர்த்தா சக்தி கிருஷ்ணசாமியின் தமிழ்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆதாரம் என்று நாம் நம்புவதே சார்புள்ளதாக இருக்கலாம். மெய்க்கீர்த்தி என்பது அரசனைப் புகழ எழுதியது, தோற்ற போர் அதில் வராது. இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்டை வீழ்த்திய டியூடர் வம்சத்தின் ஆட்சியில்தான் அவரைக் கூனன், சூம்பிய கையன், கொடியவன் என்று எழுதினார்கள். ஷேக்ஸ்பியர் நாடகம் அதைப் பிடித்துக்கொண்டது, நாடகத்திலிருந்து திரைக்கும் வந்தது. 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது அவருடைய எலும்புக்கூடே கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் நன்றாக வளைந்திருந்தது. அதனால் ஒரு தோள் மற்றதைவிட உயர்ந்திருக்கும். கூன் இல்லை, கையும் சூம்பவில்லை. இனிமேல் ரிச்சர்டைப் படமெடுப்பவருக்கு, ஐநூறு ஆண்டுகளாகப் பேசாதிருந்த ஒரு ஆதாரம் பேசத் தொடங்கிவிட்டது.

புதிதாக இந்த வகைப் படங்களைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். படம் ஓடும்போது எதையும் சரிபார்க்காதீர்கள், அனுபவித்துப் பாருங்கள். முடிந்த பிறகு உங்களை அதிகம் உலுக்கிய ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அதில் இருந்தவர்கள் அன்றைக்கு எங்கே இருந்தார்கள், என்ன வயது என்று மட்டும் தேடுங்கள். பாதி விஷயம் அந்த இரண்டு விவரங்களிலேயே வெளிவந்துவிடும். 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று தொடக்கத்தில் வரும் எழுத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தனை சதவீதம் தழுவியது என்று அது சொல்வதில்லை.

அப்படித் தேடப் போனதில்தான் எலிசபெத், மேரி கதையின் முடிவு எனக்குத் தெரியவந்தது. மேரியின் மகன் ஜேம்ஸ், எலிசபெத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் அரசரானார். பீட்டர்பரோவில் புதைக்கப்பட்டிருந்த அம்மாவின் உடலை 1612இல் லண்டனுக்குக் கொண்டுவந்து, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஏழாம் ஹென்றி கட்டிய ஆலயப் பகுதியில் அடக்கம் செய்தார். அதன் வடக்குப் பக்கத்தில் எலிசபெத்தின் கல்லறை. தெற்குப் பக்கத்தில் மேரியுடையது. இருவரும் பளிங்கில் படுத்திருக்கிறார்கள், நடுவே சுவர்.